புறாவுக்குக் கட்டிய டிஸ்க்

என்னோடு உட்கார்ந்து படம் பார்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் பொறுமை கிடையாது. குறை என்னுடையதுதான். கதாநாயகி தாயை இழந்து அழுதுகொண்டிருப்பாள். நான் எழுந்துபோய்த் திரையில் விரலை வைத்து, "இங்க பாரு, கன்னம் கட்டம் கட்டமா உடையுது. எவன்டா இதை டிஸ்க்குல அடிச்சான்?" என்பேன். என் மனைவி காமினி ரிமோட்டை என் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக டிவி திரைகளைச் சோதிப்பது என் வேலை. இருபது லட்சம் புள்ளிகளில் ஒன்று செத்திருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். வீட்டுக்கு வந்தாலும் அதே புத்திதான். ஒரே படத்தின் விசிடி, டிவிடி, ப்ளூரே என்று கிடைத்ததையெல்லாம் வாங்கி, ஒரே காட்சியில் நிறுத்திப் படம் பிடித்து, பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, எது ஒழுங்கு எது குப்பை என்று எங்கள் வாட்சாப் குழுவில் எழுதுவேன். கிள்ளான், ஈப்போ, சிங்கப்பூர் என்று நாற்பத்து மூன்று பேர். லோகேஸ்வரன் குப்பை என்று சொன்னால் அந்த டிஸ்கை யாரும் தொட மாட்டார்கள். அந்த மண்டைக்கனத்தால் வந்த வினைதான் இது.

எனக்கு விசிடி என்றாலே ஆகாது. ஒரு படத்தை இரண்டு டிஸ்கில் திணித்திருப்பார்கள். கீழே மலாய் சப்டைட்டில் அழிக்க முடியாமல் ஒட்டிக்கிடக்கும். மேல் மூலையில் விநியோகஸ்தர் பெயர் படம் முடியும்வரை நகராது. பாட்டு வந்தால் போதும், அவர் ஃபோன் நம்பர் குறுக்கே ஓடும். டிவிடி வந்ததும் பிழைத்தோம் என்று நினைத்தேன். மூன்று படத்தை ஒரே டிஸ்கில் அடைத்து, இடம் போதாமல் பாட்டையெல்லாம் வெட்டி எறிந்தார்கள். நல்ல ப்ளூரே என்று ஒன்று கையில் கிடைக்க எனக்கு நாற்பது வயதாகிவிட்டது.

ஆனால் என் அக்கா குணவதியின் வீட்டில் ஒரே ஒரு விசிடி மட்டும் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டுக்கு இரண்டு பிளாக் தள்ளி, நான்காவது மாடி.

அக்காவின் கணவர் ராமதாஸ் மச்சான் எங்கள் தீவிலிருந்து எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கு ஓடும் ஃபெரியில் வேலை பார்த்தவர். கார்கள் ஏறி முடித்ததும் முன்னால் சங்கிலி போடுவது, கரை வந்ததும் கழற்றுவது. இரண்டாயிரமாவது வருடம் சென்னையிலிருந்து ஒரு படக்குழு வந்து ஃபெரியில் ஒரு பாட்டு எடுத்தது. படத்தின் பெயர் வேண்டாம், அந்த நடிகரின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். அன்று சாயங்காலம் மச்சான் நீலச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

"குணா, நான் நடிச்சிட்டேன்லா. சங்கிலியப் போடச் சொன்னாங்க, போட்டேன். திரும்பிச் சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேன். படத்துல வரும், பாரு."

அக்கா அப்போது நாலு மாதம். மூன்று மாதம் கழித்து, மழையில் மோட்டார் சைக்கிளில் வந்தபோது மச்சான் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனார். தனுஜா பிறந்தது அதற்குப் பிறகு. படம் வெளிவந்தது அதற்கும் பிறகு.

கைக்குழந்தையோடு அக்கா தியேட்டருக்குப் போகவில்லை. விசிடி வந்த அன்றே ஹபீப் முகம்மது பாய் கடையில் நான்தான் வாங்கிவந்து போட்டேன். இரண்டாவது டிஸ்கில் அந்தப் பாட்டு. நாயகனும் நாயகியும் மேல்தளத்தில் ஆடி முடித்ததும், கீழே ஒரு நீலச் சட்டை குனிந்து சங்கிலியை மாட்டி, நிமிர்ந்து, நம் பக்கம் திரும்பி, மீசைக்குக் கீழே வெள்ளையாகச் சிரிக்கும். மொத்தம் நான்கு வினாடி. அக்கா எழுந்துபோய் டிவியைக் கட்டிக்கொண்டாள்.

"அவருதான்டா. அவருதான்."

நானும் அவர்தான் என்றேன். பொய் சொல்லவில்லை. என் கண்ணுக்கும் மச்சான்தான் தெரிந்தார்.

வீட்டில் மச்சானின் ஃபோட்டோ மூன்று இருந்தது. எதிலும் சிரிப்பு கிடையாது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து மேல்வரிசை முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது அவருக்கு. கேமராவைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வார். கல்யாண ஃபோட்டோவில் மாலை தாடைவரை ஏறிக்கிடக்க, யாரோ திட்டியதுபோல் நிற்பார். வீட்டுக்குள் மட்டும் வாய்விட்டுச் சிரிப்பார். அந்தப் பல்லைப் பற்றி அக்கா தன் மகளிடம்கூடச் சொன்னதில்லை. அவர் வெட்கப்பட்டு மறைத்ததை, அவர் போன பிறகு நான் ஏன் சொல்ல வேண்டும் என்பாள்.

தனுஜா அப்பாவைப் பார்த்து வளர்ந்தது அந்த நான்கு வினாடியில்தான். அம்மா அப்பா என்று சொல்லப் பழகும் முன்பே ரிமோட்டில் நிறுத்தும் பொத்தான் எது என்று அவளுக்குத் தெரியும். பிறந்தநாள், தேர்வு முடிவு, முதல் வேலை, எல்லாவற்றுக்கும் டிஸ்கைப் போட்டு அப்பாவைச் சிரிக்கவைத்து, நிறுத்தி, திரையைத் தொட்டுக் கும்பிடுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அக்கா வீட்டில் விசிடி பிளேயர் உயிரை விட்டது. அதே வாரம் பின்பக்கத்து பால்கனியில் புறாத் தொல்லை. துவைத்துப்போட்ட துணியெல்லாம் நாசம். ஜெலுத்தோங் பிளாட்டுகளில் இதற்கு எல்லாரும் செய்வது ஒன்றுதான். பழைய டிஸ்குகளைக் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டால் வெயிலில் மின்னும், புறா அண்டாது. நான் உற்சாகமாகக் கிளம்பிவிட்டேன். அக்கா வீட்டு விசிடிகளையெல்லாம் பெட்டியோடு எடுத்துத் துளை வழியாகக் கயிறு விட்டேன். கடைசியில் சாமி படத்துப் பக்கத்தில் இருந்ததற்கும் கையை நீட்டினேன்.

"அது மட்டும் இருக்கட்டும்டா," என்றாள் அக்கா.

"அக்கா, ரெண்டாவது டிஸ்க்கு முழுக்கக் கீறல். இந்தக் குப்பைய வச்சிருந்தா மச்சானுக்குத்தான் அவமானம். படம் வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆகப்போகுது, நெகட்டிவ்ல இருந்தே புதுசா ப்ளூரே அடிக்கிறாங்கன்னு பேச்சு. வாங்கித் தர்றது என் பொறுப்பு."

அக்கா டிஸ்கை ஒரு தடவை முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். இதிலெல்லாம் தம்பிக்குத்தான் தெரியும் என்ற நம்பிக்கை. நான் அதற்குள்ளும் கயிற்றை விட்டேன். ஒரு காப்பிகூட எடுத்து வைக்கவில்லை. குப்பைக்கு யாராவது காப்பி எடுப்பார்களா என்ற எண்ணம்தான்.

சொன்னபடியே ப்ளூரே அறிவிப்பு வந்தது. அதே நேரம் தனுஜாவுக்குக் கல்யாணமும் கூடிவந்தது. நிச்சயதார்த்தத்தில் இரண்டு குடும்பமும் கூடியிருக்க, எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கல்யாண டின்னர் அன்னைக்கு மண்டபத்துல பெரிய ஸ்கிரீன்ல மச்சானக் காட்டுறேன். இவ்வளவு நாள் பாத்ததெல்லாம் படமே இல்ல. கண் இமையக்கூட எண்ணலாம்."

தனுஜா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா முகம் நல்லாத் தெரியுமா மாமா? நெசமாவா?"

"தெரியாம? மாமா எதுக்கு இருக்கேன்?"

டின்னருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மத்தியானம் டிஸ்க் வந்து சேர்ந்தது. காமினி பசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தாள். திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடத்திலேயே குழுவில் எழுதிவிட்டேன், பிரமாதம் என்று. ஃபிலிமுக்கே உரிய மணல் போன்ற புள்ளிகள் அப்படியே இருந்தன. முகங்களை மெழுகுபோல் வழித்தெடுக்கும் அயோக்கியத்தனம் எங்கும் இல்லை. வேலையைச் செய்தவர்கள் நேர்மையானவர்கள்.

பாட்டு வந்தது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் துரு தெரிந்தது. நீலச் சட்டை குனிந்தது, மாட்டியது, நிமிர்ந்தது, திரும்பிச் சிரித்தது.

பற்கள் வரிசையாக, முழுசாக இருந்தன. இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். நாற்பத்தைந்து வயது இருக்கும் அந்த மனிதருக்கு. அவரை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

பிறகு, எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். என் லேப்டாப்பில் அந்தப் பழைய விசிடியிலிருந்து பிடித்த படம் ஒன்று கிடந்தது. பத்து வருடத்துக்கு முன் குழுவில் போட்டது, "விசிடி எவ்வளவு மோசம் என்பதற்கு உதாரணம்" என்ற தலைப்போடு. அதை இடது பக்கம் வைத்தேன். ப்ளூரேயின் அதே நொடியை வலது பக்கம் வைத்தேன்.

விசிடியில் அந்த முகத்துக்கு அகலத்தில் பதினாறு புள்ளிதான். கண்ணுக்கு இரண்டு, வாய்க்கு நாலு. பல் என்று ஒன்றும் கிடையாது, வெள்ளையாக ஒரு தீற்றல், அவ்வளவுதான். இடது பக்கம் பார்த்தால் மச்சான். வலது பக்கம் பார்த்தால் யாரோ. மறுபடி இடது பக்கம் பார்த்தால் மச்சானேதான், தலையைச் சாய்க்கிற விதம்கூட அவருடையது. பதினாறு புள்ளிக்கு நடுவே அவரை நாங்கள்தான் கூட்டிவந்து உட்காரவைத்திருக்கிறோம், இருபத்துநாலு வருடமாக.

மச்சான் பொய் சொல்கிற ஆள் இல்லை. அவரையும் எடுத்திருப்பார்கள். அடுத்த மூன்று நாளும் வேலை முடிந்து வந்து பாட்டு முழுவதையும் ஒவ்வொரு படமாக நகர்த்தித் தேடினேன். கூட்டத்தில் ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு நீலச் சட்டைக் கை மட்டும் ஒரு இடத்தில் வந்துபோனது. யாருடைய கையாகவும் இருக்கலாம். அவரை எடுத்ததைச் சென்னையில் வெட்டியிருப்பார்கள்.

வேறு வழி தெரியாமல் ஹபீப் முகம்மது பாயைத் தேடிப்போனேன். லெபோ பசார் தெருவில் அதே கடைதான். டிஸ்க் இருந்த அலமாரிகளில் இப்போது ஃபோன் உறைகள் தொங்குகின்றன. அந்தப் படத்தின் விசிடி ஒன்று எங்கேயாவது கிடைக்குமா என்று கேட்டேன். டின்னரில் அதையே போட்டுவிடலாம் என்ற நினைப்பு. அக்கா பால்கனியில் இரண்டு வருடம் வெயிலில் தொங்கியதை அவிழ்த்தால் அவள் ஏன் என்று கேட்பாள்.

பாய் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "லோகேஸு, நீயா விசிடி கேக்குற? என் கடையில நின்னுக்கிட்டே அதக் குப்பைன்னு சொன்னவனாச்சே. மிச்சம் இருந்ததெல்லாம் பழைய சாமான்காரன் லாரியில ஏத்திட்டுப் போயிட்டான்லா. அஞ்சு வருஷம் ஆச்சு."

ஃபோனில் ப்ளூரே படத்தைக் காட்டினேன். காட்டியிருக்க வேண்டாம்.

"அட, நம்ம அப்துல் ஹமீது!" என்றார் பாய். "பட்டர்வொர்த்காரரு. ஃபெரியில இருந்தவரு. படம் வந்தப்ப கடைக்கு வந்து பத்து செட்டு வாங்கிட்டுப் போனாரு, சொந்தக்காரங்களுக்குக் குடுக்க. நல்ல மனுஷன். போன வருஷம்தான் மௌத்தானாரு. எவ்வளவு தெளிவா இருக்கு பாரேன், பேசுற மாதிரியே இருக்காரு."

அக்காவிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து அவள் வீட்டுக்குப் போனேன். படியேறும்போது வார்த்தைகளைக்கூட எண்ணி வைத்துக்கொண்டேன். அக்கா தாம்பூலப் பைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். தனுஜா வேலைக்குப் போயிருந்தாள். என்னைக் கண்டதும் அக்கா குரலைத் தணித்துக்கொண்டாள், வீட்டில் யாரும் இல்லாதபோதே.

"டேய், ஒண்ணு கேக்கணும். பழசுல வாய் வெள்ளையா ஒரு கோடுதான் தெரியும். புதுசுல அந்தப் பல்லு தெரியுமாடா?"

நான் ஒரு தாம்பூலப் பையை எடுத்து அதன் கயிற்றைச் சரிசெய்தேன்.

"தெரிஞ்சா தனுஜாகிட்ட அன்னைக்குச் சொல்லிடலாம்னு இருக்கேன். உங்கப்பா இப்படித்தான்டி, உடைஞ்ச பல்ல வச்சுக்கிட்டு இப்படித்தான் சிரிப்பாருன்னு. கட்டிக்கிட்டுப் போற பொண்ணு, இனிமே மறைக்க என்ன இருக்கு?" பையை மடித்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கே மறந்துபோச்சுடா. இடது பக்கத்துப் பல்லா, வலது பக்கத்துப் பல்லான்னு. அதத்தான் பாக்கணும்."

"டிஸ்க் இன்னும் வரலக்கா," என்றேன். கீழே இறங்கி மோட்டாரில் உட்கார்ந்து அழுதேன். கோபமும் வந்தது. யார்மேல் என்று யோசித்தால் என்னைத் தவிர ஆள் அகப்படவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் குழுவில் யாரிடமும் சொல்ல முடியாது. அந்த அருமையான ப்ளூரேயிலிருந்து பாட்டை எடுத்து, நானே விசிடி ஆக்கினேன். அகலத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தேன். நிறத்தைக் கசியவிட்டேன். தகவல் பாயும் அளவான பிட்ரேட்டைப் பிடித்து நெரித்தேன். செத்த புள்ளியைத் தேடிச் சம்பளம் வாங்கியவன் உட்கார்ந்து நல்ல புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கொன்றேன். முதலில் மச்சம் போனது. பிறகு பற்களுக்கு நடுவே இருந்த கோடுகள் போயின. கடைசியில் வெள்ளைத் தீற்றல் மட்டும் நின்றது. மலாய் சப்டைட்டில் போட்டேன். மூலையில் விநியோகஸ்தர் பெயரையும் போட்டேன். குறுக்கே ஃபோன் நம்பரும் ஓடியது. என் பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. மச்சான் திரும்பி வந்து சிரித்துக்கொண்டிருந்தார். நான் செய்த வேலைகளிலேயே துல்லியமானது அதுதான்.

நல்ல டிஸ்க் வருவதில் தாமதம், அவசரத்துக்குப் பழசுதான் கிடைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அக்காவுக்குப் பல் தெரியாது. ஆனால் ஆள் மிஞ்சுவார். டின்னருக்கு முதல் நாள் பென் டிரைவை மண்டபத்தில் ஒளிபரப்பு பார்க்கிற அஃபிக்கிடம், சங்கிலி மாட்டுகிறவர்தான் பொண்ணின் அப்பா என்று சொல்லிக் கொடுத்தேன். தாடி வைத்த, சுறுசுறுப்பான ஆள். தமிழ் நன்றாகப் பேசுவான்.

டின்னர் கெலுகோரில். நானூறு பேர். சூப் வந்து, கோழி வந்து, மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடி முடித்தார்கள். நான் எதையும் சாப்பிடவில்லை. அஃபிக் என் மேசைக்கே வந்து தோளில் கை வைத்தான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. உங்க ஃபைல் ரொம்ப மோசம்லா. கட்டம் கட்டமா உடையுது. அதப் பெரிய ஸ்கிரீன்ல போட்டா எனக்குத்தான் கெட்ட பேரு. பாட்டு என்னன்னு பாத்தேன், கம்பெனிக்காரனே போன வாரம் யூடியூப்புல ஃபோர்கேயில ஏத்திட்டான். அத எடுத்துட்டேன். அப்பா வர்ற எடத்த ஸ்லோ மோஷன் ஆக்கி முகத்தப் பெருசாக்கிட்டேன். பொண்ணுக்கு என் அன்பளிப்புண்ணே."

"வேணாம்ப்பா. நான் குடுத்தத போடு. அதான் வேணும்."

அவன் சிரித்தான். "என்னண்ணே வெளையாடுறீங்க? நல்லது இருக்குறப்ப யாராச்சும் குப்பையப் போடுவாங்களா?"

நாற்பத்து மூன்று பேருக்கு நான் சொல்லிக்கொடுத்த பேச்சு அது. நான் எழுந்து அவன் பின்னால் போவதற்குள் விளக்குகள் அணைந்தன. மேடையில் ஒருவர் மைக்கில், "இன்று நம்மோடு இல்லாத மணமகளின் தந்தை" என்று ஆரம்பித்துவிட்டார். இருட்டில் நாற்காலிக் காலில் இடித்துக்கொண்டு திரையை இயக்கும் கன்சோல்வரை போனேன். அஃபிக் ஏற்கெனவே பொத்தானை அழுத்தியிருந்தான்.

திரையில் சங்கிலி மெல்ல விழுந்தது. நீலச் சட்டை மெல்ல நிமிர்ந்தது. பன்னிரண்டு அடி உயரத்தில் அப்துல் ஹமீது எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். ஒவ்வொரு பல்லும் ஒரு தட்டு அளவுக்கு இருந்தது. மண்டபம் முழுக்கக் கைதட்டல். ராமதாஸை நேரில் பார்த்தவர்கள் அங்கே ஐந்தாறு பேர்கூட இல்லை. அவர்களும் கல்யாணத்தில் கலங்கிய கண்ணோடுதான் பார்த்திருப்பார்கள்.

தனுஜா மேடையில் எழுந்து நின்றுவிட்டாள். "அம்மா! என் கண்ணும்மா! அப்படியே என் கண்ணு!"

என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் திரையைப் பார்க்காமல், பார்க்கிறவளைப் பார்த்தேன். அக்கா முதல் வரிசையில் இருந்தாள். முகத்தில் எதிர்பார்ப்போடு கழுத்தை நீட்டியிருந்தாள். அவள் பார்வை நேராக அந்த வாய்க்குத்தான் போனது. இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், மறுபடி இடது பக்கம் பார்த்தாள். பிறகு அவள் கை மெல்ல எழுந்து தன் வாயைப் பொத்திக்கொண்டது.

"அம்மா, சொல்லும்மா! என் கண்ணுதானே?"

அக்கா கையை எடுத்தாள். "ஆமாம்மா. உன் கண்ணுதான்."

அவள் ஆனந்தத்தில் அழுகிறாள் என்று பக்கத்து மேசைப் பெண்கள் டிஷ்யூ எடுத்து நீட்டினார்கள்.

மறுநாள் காலையில் தனுஜாவின் வாட்சாப் படம் மாறியிருந்தது. அப்துல் ஹமீது சிரித்துக்கொண்டிருந்தார். கீழே "என் அப்பா" என்று எழுதியிருந்தாள். அதை மாற்றச் சொல்ல அக்காவுக்கும் எனக்கும் மனம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அக்கா ஃபோன் செய்தாள்.

"டேய் தம்பி, அந்தப் புதுசு எனக்கு வேணாம். பழைய டிஸ்க்க அவுத்துப் போட்டுக் காட்டு. அதுல அவரு இருப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை என் பிளேயரையும் தூக்கிக்கொண்டு போனேன். பால்கனியில் நாற்பது டிஸ்க் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பெயரைத் தேடினேன். இரண்டு வருட வெயில், மழை. அந்தப் படத்தின் இரண்டாவது டிஸ்கில் மேல்பூச்சு பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. தூக்கிப் பிடித்தால் அதன் வழியாக எதிர் பிளாக்கும் அங்கே காயும் துணியும் தெரிந்தன. முந்தானையால் துடைத்தாள் அக்கா. துணியோடு இன்னும் கொஞ்சம் வெள்ளி உரிந்து வந்தது. பிளேயரில் போட்டேன். சுற்றியது, தேடியது, டிஸ்க் இல்லை என்று எழுத்துக் காட்டியது. வெளியே எடுத்துத் திரும்பப் போட்டேன். மறுபடி அதே எழுத்து.

"தப்பு என்னுதுக்கா," என்றேன். "நீ அன்னைக்கே வேணாம்னு சொன்ன."

அக்கா முந்தானையில் ஒட்டிய வெள்ளியைத் தட்டிவிட்டாள். நான் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தேன். கடைசியாக எனக்கு இருந்தது அது ஒன்றுதான். "இது நான் செஞ்சது. அந்த விசிடி எப்படி இருந்துச்சோ அச்சு அசலா அப்படியே இருக்கும். பாரேன்."

போட்டேன். கட்டம் கட்டமாக ஃபெரி வந்தது. கீழே மலாய் எழுத்து, குறுக்கே ஃபோன் நம்பர். நீலச் சட்டை திரும்பி வெள்ளையாகச் சிரித்தது. அக்கா டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். மூன்றாவது தடவை கண்ணைச் சுருக்கி, முகத்தை விலக்கி வைத்துப் பார்த்தாள்.

"அவரு வரலடா," என்றாள். "அந்த ஆளுதான் தெரியுறாரு."

நானும் பார்த்தேன். பதினாறு புள்ளிதான், ஒன்றுகூட அதிகம் இல்லை. எனக்கும் அந்த ஆள்தான் தெரிந்தார். பல் தெரிந்தது, மச்சம் தெரிந்தது, நானே அழித்த அத்தனையும் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் மங்கலாக்கித் தரட்டுமாக்கா?"

அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். "அவரு யாருன்னு தெரியுமா உனக்கு?" என்றாள்.

"அப்துல் ஹமீது. பட்டர்வொர்த்து. போன வருஷம் தவறிட்டாராம்."

"பாவம்," என்றாள். "அவரு வீட்டுக்காரம்மா இதப் பாத்தாங்களா தெரியல. நல்லா இருக்காரு."

அவள் எழுந்து டிவியை அணைத்தாள். மூன்று ஃபோட்டோ இருந்த சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பால்கனிப் பக்கம் சிறகடிக்கும் சத்தம் கேட்டது. நான் டிஸ்குகளை அவிழ்த்த கம்பியில் இரண்டு புறாக்கள் அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தன.

"அவுத்ததெல்லாம் திரும்பக் கட்டிட்டுப் போடா," என்றாள் அக்கா. "துணி காயுது."

ஒவ்வொன்றாக எடுத்துக் கயிற்றில் கோத்தேன். பிளேயரைத் திறந்து, அந்த ஒன்றையும் எடுத்துக் கட்டினேன்.